நிச்சயமா என்று கேட்காத திரை

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஹுசைனின் போட்டோக்கொப்பிக் கடை இருந்தது. அதற்குள் ஒரு பலகைத் தடுப்பு அடித்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் றெக்சன் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தான். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. எல்லாருக்கும் ஏதோ ஒரு கொப்பி தேவைப்பட்டது. கடையில் எப்போதும் வரிசை நிற்கும். நிற்பவர்கள் பொழுதுபோகத் தடுப்புக்கு மேலால் எட்டி றெக்சனைப் பார்ப்பார்கள். அவன் மவுஸைத் தொடுவதில்லை என்பது மன்னார் ரவுண் முழுக்கத் தெரிந்த செய்தி.

அவனுடைய மொனிற்றரில் படங்கள் இருக்காது. கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்துகள். பத்து விரல்களும் கீபோர்ட்டில் ஓடும். எழுத்துகள் மேலே உருண்டு போகும். "இவன் ஏதோ மந்திரம் எழுதுறான்" என்று கிழவர்கள் சொல்வார்கள். அவனுக்கு அது பிடிக்கும்.

"ஏன் தம்பி, எல்லாரையும் மாதிரி விண்டோஸில செய்தா என்ன?" என்று ஹுசைன் நானா ஒருநாள் கேட்டார்.

"அது ஒண்டை அழிக்கப் போனா, நிச்சயமா நிச்சயமா எண்டு நின்டு கேக்கும் நானா. இது கேக்காது. சொன்னாச் செய்யும். என்னை ஒரு பெரிய மனுசனா மதிக்குது."

"மனுசன் பிழை விடுவானே. கேக்கிறது நல்லதுதானே?"

றெக்சன் சிரித்தான். ஹுசைன் தொண்ணூறில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளம் முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எதையும் இரண்டு தரம் கேட்டுத்தான் செய்வார்.

றெக்சனும் திரும்பி வந்தவன்தான், ஆனால் வேறு கரையிலிருந்து. மன்னாரின் பள்ளிமுனையில் பிறந்தான். தொண்ணூறில் சின்னப் பிள்ளையாக வள்ளத்தில் ஏற்றி இராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோனார்கள். மண்டபம் முகாமில் வளர்ந்தான். அங்கே யாரோ கொண்டுவந்து இறக்கிய பழைய கொம்பியூட்டர்கள் படிப்பகத்தின் மூலையில் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தன. மூன்று பழுதுகளைப் பிரித்து ஒன்றாக்கி, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சீடியைப் போட்டு அதை எழுப்பினான். அன்றைக்கு அந்தத் திரையில் ஒரு கேள்வி வந்தது: உன் பெயர் என்ன? பெயரை மட்டும்தான் கேட்டது. எந்த நாடு, எந்த முகாம், பதிவு அட்டை எங்கே என்று கேட்கவில்லை. அவன் அதில் விழுந்தது அன்றைக்குத்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம், மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதை அவனால் நம்பவே முடியவில்லை.

இராமநாதபுரத்தில் கொம்பியூட்டர் படித்துப் பட்டம் வாங்கினான். கொம்பனிகள் அடையாள அட்டை கேட்டன. அவனிடம் இருந்தது அகதி அட்டை. போன் திருத்தும் கடையில் வேலை செய்தான். முகாமிலேயே பிறந்த ஜெனிஸ்ராவைக் கட்டினான். ஒரு பெண்பிள்ளை, பிரஷாந்தி. சண்டை முடிந்ததும் ஊருக்குப் போவோம் என்றான். ஜெனிஸ்ராவின் தாய் தகப்பன் விடவில்லை. அங்கே போய் என்னத்தைத் தின்பாய் என்று கேட்டார்கள்.

"கொம்பியூட்டர் இருக்கிற இடமெல்லாம் எனக்குப் பிழைப்பு இருக்கு" என்று அவர்களுக்கு முன்னால் சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் ஜெனிஸ்ரா பிறந்த இடத்தையும் பெற்றவர்களையும் விட்டுவிட்டு, தான் ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு வந்தாள். பள்ளிமுனையில் அவளை "இந்தியாக்காரி" என்றார்கள். வீட்டில் ஊர்த்தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் முகாம் தமிழ் வந்துவிடும்.

வந்த இரண்டாம் வருடம் றெக்சன் ஒரு கழுதையில் மோதினான்.

மன்னார் ரோட்டில் கழுதை படுத்திருப்பது புதினமில்லை. பட்டப்பகலில், வெறும் ரோட்டில், இடப்பக்கம் படுத்திருந்த கழுதையில் நேராகச் சைக்கிளைக் கொண்டுபோய் ஏற்றியதுதான் புதினம். கழுதை எழும்பி நடந்து போனது. றெக்சன் முழங்கை உரிந்து கிடந்தான். முச்சக்கரவண்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தபடி எழும்பி, கழுதை கிடந்த இடத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். ரோட்டோரத்தில் நின்ற ஆட்டோ ஒன்று ஒரு இடத்தில் இல்லாமல் போனது. இன்னும் திருப்பினால் மறுபடி வந்தது.

அவனுடைய தகப்பனுக்கு மண்டபத்தில் இப்படித்தான் தொடங்கியது. தட்டித் தடவி நடந்தபோது சாராயம் என்றார்கள். தகப்பன் குடிப்பதில்லை. முகாமுக்கு வந்த டொக்ரர் பார்த்துவிட்டு நரம்பு செத்துப்போச்சு என்றார். கடைசி வருடங்களில் அந்த மனிதர் தண்ணிக் குழாய்க்குப் போவதற்குக் கூட ஒருவரின் தோளைப் பிடிக்கவேண்டி வந்தது. அங்கேயே செத்தார்.

கடைக்கு வந்து றெக்சன் இன்ரநெற்றில் தேடினான். கண்ணுக்குள் அமுக்கம் கூடுவது, ஓரப் பார்வை முதலில் போவது, மூளையே இல்லாத இடத்தை நிரப்பிவிடுவதால் ஆளுக்குத் தெரியாமலே போவது, குடும்பத்தில் வருவது, போனது திரும்பாதது, மருந்துவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்பது. எல்லாவற்றையும் வாசித்தான். மன்னார்த் தீவில் அன்றைக்கு அந்த வியாதியைப் பற்றி அவ்வளவு தெரிந்த ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வாசித்து முடித்து, பார்த்த பக்கங்களின் தடத்தையெல்லாம் அழித்தான். ஆஸ்பத்திரி கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். அவன் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று பிறகு ஜெனிஸ்ரா பலமுறை கேட்டாள். போனால் வியாதிக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்தால் அது உண்மையாகிவிடும். திருத்த வந்த கொம்பியூட்டரில் என்ன பிழை என்று மற்றவர்களுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லுகிற மனிதன், தன்னில் காட்டிய பிழையை மூடி வைத்தான்.

மூடி வைப்பதற்கு அவனிடம் கருவிகள் இருந்தன. எழுத்தைப் பெருப்பித்தான். பின்னணியைக் கன்னங்கறுப்பாக்கினான். சில விசைகளில் பிளாஸ்ரர் துண்டு ஒட்டி விரலால் அடையாளம் வைத்தான். கோப்புகளின் இடங்களையெல்லாம் மனப்பாடமாக்கினான். திரையில் தேடவேண்டியதைக் கட்டளையாக எழுதி, கொம்பியூட்டரையே தேடச் சொன்னான். ஒவ்வொரு மாதமும் இருட்டு கொஞ்சம் உள்ளே நகர, அவன் இன்னும் கெட்டிக்காரனானான். பார்க்கிறவர்களுக்கு அவன் வேகம் கூடியது போலத்தான் இருந்தது.

"கண்ணைச் சுருக்கிறாய் தம்பி, ஒரு கண்ணாடி எடன்" என்று ஹுசைன் சொன்னார்.

"எடுக்கோணும் நானா."

அந்த நாட்களில்தான் வங்காலையிலிருந்து யோசேப் வந்தார். அவர் படம் பிடிக்கிறவர். வங்காலையிலும் சுற்றுவட்டாரத்திலும் கலியாணம், முதல்நன்மை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவருடைய கமராதான். இடம்பெயர்ந்தபோது சனம் தங்கள் பழைய அல்பங்களைக் காட்டுக்குள்ளும் கடலுக்குள்ளும் விட்டுவிட்டு வந்தது. திரும்பி வந்த பிறகு எடுத்த படங்கள்தான் பல பேருக்கு இருந்த ஒரே படங்கள். அவையெல்லாம் யோசேப்பின் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அந்த டிஸ்க் இப்போது டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, சிலநேரம் திறக்கிறது, சிலநேரம் திறக்கவில்லை.

"சாகப்போற சத்தம் அண்ணை" என்றான் றெக்சன். "புது டிஸ்க் ஒண்டு வாங்கித் தாங்கோ. அப்படியே உரிச்சு அதில ஏத்திவிடுறன்."

யோசேப் புது டிஸ்க்கை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். றெக்சன் இரண்டையும் கொம்பியூட்டரில் பூட்டினான். பழையதில் இருப்பதைப் புதியதுக்கு எழுத ஒரே ஒரு கட்டளைதான். அதில் இரண்டு பெயர்கள் வரும், எதிலிருந்து, எதற்கு. டிஸ்க்குகளுக்கு கொம்பியூட்டர் கொடுத்த பெயர்களில் ஒரு எழுத்து மட்டும்தான் வித்தியாசம். எந்தப் பெயர் எந்த டிஸ்க்குடையது என்று திரையில் வந்த வரியை வாசித்தான். வரியின் ஒரு பகுதி அவனுடைய கண்ணில் விழவில்லை. விழவில்லை என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. மூளை ஏதோ ஒன்றை அந்த இடத்தில் வைத்துக் காட்டியது. அவன் அதை நம்பி எழுதி, என்ரரைத் தட்டினான்.

திரை எதையும் கேட்கவில்லை. தொடங்கியது.

பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவனுக்குச் சத்தம் உறுத்தியது. பழுதான டிஸ்க்கை வாசிக்கும்போது டிக் டிக் என்று இழுபடவேண்டும். இப்போது ஒன்றும் இல்லை. வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெறுமையை வாசிக்கிற சத்தம் அது. கை வயரைத் தேடியது. பிடுங்கினான்.

புது டிஸ்க்கின் வெறுமை பழைய டிஸ்க்கின் முன்பகுதி மேல் ஏறியிருந்தது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விபரமெல்லாம் அந்த முன்பகுதியில்தான் இருந்தது. அவன் தலையைக் கீபோர்ட்டில் வைத்துக்கொண்டான். தடுப்புக்கு அந்தப் பக்கம் கொப்பி மெசின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

யோசேப் வந்தபோது றெக்சன் சொன்னது பொய்.

"டிஸ்க் ஏற்கனவே பழுதாப்போட்டுது அண்ணை. பூட்டினவுடனை நின்டிட்டுது. ஏலுமானதை எடுத்துப் பாக்கிறன்."

யோசேப் கதிரையில் இருந்துவிட்டார். திட்டவில்லை. "நான் சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு போனார்.

அழிந்த டிஸ்க்கிலிருந்து படங்களைக் கிண்டியெடுக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது. அது பெயரையும் திகதியையும் பார்க்காது. டிஸ்க்கின் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்து, படம் மாதிரி இருக்கிற எதையும் வெளியே இழுத்துப் போடும். றெக்சன் அதை ஓடவிட்டான். கரண்ட் போகும், திரும்பத் தொடங்குவான். நாட்கணக்கில் ஓடியது. கடைசியில் ஆயிரமாயிரமாய்ப் படங்கள் வந்து குவிந்தன. ஒன்றுக்கும் பெயரில்லை, இலக்கம் மட்டும்தான். கலியாணத்துக்குப் பக்கத்தில் செத்தவீடு. பாதிப் படங்கள் மேலே முகமும் கீழே சாம்பல் நிறமுமாக வெட்டுப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் கண்ணால் பார்த்துத்தான் யாருடையது என்று பிரிக்க முடியும். எந்தக் கட்டளையாலும் அதைச் செய்ய முடியாது. இத்தனை நாளும் அவனைக் காப்பாற்றிய கெட்டித்தனம் அந்த இடத்தில் முடிந்துபோனது.

அப்போதுதான் மாக்கிறட் வந்தாள். வங்காலைக்காரி. போன சோளகக் காற்றுக் காலத்தில் அவளுடைய புருசன் வள்ளம் கவிழ்ந்து செத்துப்போனார். ஆண்டுப் பூசை வருகிறது. வீட்டில் ஒரு படம்கூட இல்லை. மருமகளின் கலியாணத்தில் யோசேப் எடுத்த படங்களில் அவர் இருந்தார். பெருப்பித்துத் தரச்சொல்லிக் கேட்கப் போனவளை யோசேப் இங்கே அனுப்பியிருந்தார்.

"படங்களைப் போடு தம்பி. அவரை எனக்குத் தெரியும், நானே பாக்கிறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

றெக்சன் விசையைத் தட்டத் தட்ட, படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாக்கிறட் பார்த்துக்கொண்டிருந்தாள். வங்காலை முழுவதும் அவளுக்கு முன்னால் போனது. பிறகு, "நில்லு" என்றாள். "இது அந்தக் கலியாணம்தான். அங்க மூலையில நிக்கிறது ஆர்? பெருப்பிச்சுக் காட்டு."

"எந்த மூலை அக்கா?"

"இடப்பக்கம். நீலச் சேட்டு போட்டவர்."

அவன் பெருப்பித்தான். சுவர் வந்தது.

"அதில்லை. இடப்பக்கம் எண்டெல்லே சொல்லுறன்."

இன்னொரு இடத்தைப் பெருப்பித்தான். பந்தல் கால் வந்தது. மாக்கிறட் திரையை விட்டுவிட்டு அவனுடைய முகத்தைப் பார்த்தாள். மேசையில் கிடந்த பேனையை எடுத்து, அவன் கன்னத்துக்கு இடப்பக்கமாக, கண்ணுக்குக் கிட்ட நீட்டினாள். அவன் அசையவில்லை. திரையைப் பார்த்தபடியே, "இப்ப சரியா அக்கா?" என்றான். அவள் பேனையை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தாள். அவன் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தான்.

ஜெனிஸ்ரா மத்தியானச் சாப்பாட்டோடு வந்து தடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளை, உன்ர மனுசனுக்குக் கண் தெரியாது" என்றாள் மாக்கிறட்.

"சும்மா பகிடி விடுறா" என்று றெக்சன் சிரித்தான். ஜெனிஸ்ரா சாப்பாட்டை வைத்துவிட்டு வந்து, அவனுக்கு இடப்பக்கமாக நின்று கையை உயர்த்தினாள்.

"எத்தனை விரல்? சொல்லுங்க."

"என்ன ஜெனி இது?"

"எத்தனை விரல்னு கேக்குறேன். சொல்லுங்க."

"ரெண்டு."

அவள் கையை மூடி வைத்திருந்தாள்.

ஹுசைன் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொப்பி மெசினை நிற்பாட்டிவிட்டார். மாக்கிறட்தான் அடுத்ததைச் சொன்னாள். அதட்டிச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து விடை வந்த மாதிரிச் சொன்னாள்.

"அப்ப அந்த டிஸ்க் தானாப் பழுதாகேல்லை. நீதான் அழிச்சனீ."

றெக்சன், "ஓம்" என்றான்.

மாக்கிறட் எழும்பிப் போய்விடுவாள் என்று ஜெனிஸ்ரா நினைத்தாள். போகவில்லை. "நீ இரு பிள்ளை. நீ தட்டு, நான் பாக்கிறன்" என்றாள். ஜெனிஸ்ரா அதுவரை அவனுடைய கொம்பியூட்டரைத் தொட்டதில்லை. அவன் எழும்பி அவளுக்கு இடம் விட்டான். எந்த விசை என்று அவள் கேட்டாள். அவன் அவளுடைய விரலைப் பிடித்து அதில் வைத்தான். அவள் கையை உதறிவிட்டுத் தானே தட்டினாள். மூலையில் நின்ற நீலச் சேட்டுக்காரர் வேறு ஆள்.

சில நாட்கள் மாக்கிறட் பஸ்ஸில் வந்து போனாள். றெக்சனோடு ஒரு சொல் பேசவில்லை. ஜெனிஸ்ராவோடுதான் கதைத்தாள். இன்னாருடைய மகள், இன்னாருடைய தாய், இவர் இப்போது இல்லை என்று படங்களில் இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னாள். கடைசியில் புருசனைக் கண்டுபிடித்தாள். பந்தி மேசையில் குனிந்து கோப்பையில் இருந்ததை எடுக்கிறார். தலைமயிரும் ஒரு காதும் தெரிந்தன. அதற்குக் கீழே சாம்பல்.

"அவர்தான்" என்றாள். "காது அவரின்டதான்."

ஜெனிஸ்ரா, "இதைப் பெருப்பிச்சுத் தரட்டா அக்கா?" என்று கேட்டாள்.

மாக்கிறட் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம். இதைக் கொண்டுபோய் வைச்சா, இது ஆர் எண்டு சனம் கேக்கும்." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். ஆண்டுப் பூசைக்கு ஜெனிஸ்ரா போனாள். மேசையில் மெழுகுதிரியும் பூவும் இருந்தன, படம் இல்லை.

கண் கிளினிக்கில் றெக்சனின் நாடியை ஒரு இரும்புச் சட்டத்தில் வைக்கச் சொன்னார்கள். அவன் முதலில் அந்த மெசினைத்தான் விசாரித்தான். எப்படி அளக்கிறது, உள்ளே என்ன மென்பொருள் ஓடுகிறது என்று கேட்டான். டொக்ரர் சிங்களவர். தமிழைத் தேடித் தேடிப் பேசினார். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, ஒரு தாளைக் காட்டினார். அவனுடைய பார்வை அதில் வரையப்பட்டிருந்தது. இடக்கண் முழுக்கக் கறுப்பு. வலக்கண்ணில் நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை.

"இந்த வெள்ளையை மருந்தால் பிடிக்கலாமா, பார்ப்போம்" என்றார். "மிச்சம் திரும்ப வராது. ஏன் வரல்ல முந்தி?"

றெக்சன் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"அப்பாவுக்கும் இருந்ததா?"

"இருந்தது."

"பிள்ளைகள் இருக்கா?"

ஜெனிஸ்ரா அந்தக் கேள்வியோடு எழும்பி வெளியே போய்விட்டாள். குடும்பத்தில் வரும் என்று அவன் அன்றைக்கே வாசித்திருந்தான். அந்த வரியையும் மற்றவற்றோடு சேர்த்து அழித்திருந்தான். தன்னுடைய கண்ணை மறைத்தது ஒன்று. அந்த ஒன்றரை வருடமும் பிள்ளையின் கண்ணையும் சேர்த்து மறைத்துவிட்டான் என்பது ஆஸ்பத்திரி விறாந்தையில்தான் அவனுக்கு உறைத்தது.

பிரஷாந்தியைக் கொண்டுபோனார்கள். அவளுக்கும் அமுக்கம் கூடியிருந்தது. பார்வை இன்னும் போகவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். வீடு வந்ததும் ஜெனிஸ்ரா கதவைச் சாத்திவிட்டு முகாம் தமிழில் கத்தினாள். "உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். படிச்சுட்டு மூடி வச்சுட்டீங்க. என் பிள்ளைக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?" கதிரை ஒன்று விழுந்தது. அவள் தள்ளியதா, அவன் இடறியதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் நிலத்தில் இருந்து அழுதாள். அவன் எந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்று தேடிப் போய்ப் பக்கத்தில் இருந்தான். எழும்பிப் போ என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் வங்காலைக்குப் போய் யோசேப்பிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் வாசலில் நின்றபடி கேட்டார்.

"கண் தெரியாதவன் ஏன்ராப்பா கத்தியைப் பிடிச்சனீ?" என்றார். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. மீட்ட படங்கள் இருந்த புது டிஸ்க்கை ஜெனிஸ்ரா நீட்டினாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கதை பரவியது. திருத்த வருகிறவர்கள் குறைந்து, பிறகு இல்லாமல் போனார்கள். றெக்சன் சில மாதங்கள் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தான். கொம்பியூட்டரைப் போடவே இல்லை. அந்தக் காலத்தில் ஒருநாள் அவன் பள்ளிமுனைக் கரையில் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்றதை ஒரு மீன்காரர் கண்டு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். குளிக்கப் போனேன் என்றான். ஜெனிஸ்ரா அதன் பிறகு அவனைத் தனியே விடவில்லை. காலையில் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஹுசைனின் கடையில் இருத்திவிட்டு, பின்னேரம் வந்து கூட்டிப்போனாள்.

"சும்மா இராதை" என்றார் ஹுசைன். "கண் தெரியாத ஆக்களுக்கு வாசிச்சுச் சொல்லுற சாமான் இருக்கெண்டு நீதானே எனக்கு ஒருக்காச் சொன்னாய்."

"இருக்கு நானா."

"அப்ப போடன்."

போட்டான். காதில் ஒரு இயந்திரக் குரல் தமிழ் வாசித்தது. மூக்கடைத்த, உயிரில்லாத குரல். அதற்கு ற, ர வித்தியாசம் தெரியாது. ஆனாலும் வாசித்தது. முதல் வாரம் அவன் அதைக் கேட்டுக் கேட்டுக் கடையிலேயே அழுதான். பிறகு வேகத்தைக் கூட்டினான். மற்றவர்களுக்கு வண்டு இரைகிற மாதிரிக் கேட்பது அவனுக்கு வசனமாகக் கேட்டது. சனத்துக்குக் கடிதம் அடித்துக் கொடுக்கத் தொடங்கினான்.

ஆனால் அரசாங்கக் கந்தோர்களிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வருகிற கோப்புகள் பாமினி என்ற எழுத்துருவில் வந்தன. பார்க்கிறவர்களுக்கு அது தமிழ். உள்ளே அது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். அம்மா என்று எழுதியிருந்தால் குரல் அதை எம், கே, கே, எச் என்று வாசிக்கும். கண் இருந்த காலத்தில் இந்தக் குழப்பத்தைப் பற்றி அவன் வாடிக்கையாளர்களுக்குப் பிரசங்கம் செய்திருக்கிறான். எல்லாரும் யூனிகோட்டுக்கு மாறவேண்டும் என்பான். அப்போது அது அவனுக்கு ஒரு கொள்கை. இப்போது ஒரு சொந்தக்காரரின் மரண அறிவித்தலைக் கூட யாராவது வாசித்துச் சொன்னால்தான் அவனால் அறிய முடிந்தது. அதை மாற்றி வாசிக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதத் தொடங்கியிருக்கிறான். கொம்பு முன்னால் வருகிற எழுத்துகளில் அது இன்னும் தடுமாறுகிறது. கொண்டு என்பது கெண்டு என்று வருகிறது. ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைக்கிறது. சில நாட்களில் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவான். மறுநாள் திரும்ப எழுதுவான்.

பிரஷாந்திக்கு ஒவ்வொரு நாளும் துளிமருந்து. சில மாதங்களுக்கு ஒருமுறை யாழ்ப்பாணப் பயணம். போன முறை அமுக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதற்கு முந்திய முறை ஏறியிருந்தது. எப்படிப் போகும் என்று டொக்ரர்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் பிள்ளை யன்னல் பக்கம் இருப்பாள், நடுவில் றெக்சன், பக்கத்தில் ஜெனிஸ்ரா. அவனால் சும்மா இருக்க முடியாது.

"பிள்ளை, நேர முன்னுக்குப் பார். தலையைத் திருப்பாதை. இடப்பக்கம் என்ன தெரியுது?"

"மாடு."

"இப்ப?"

"வயல்."

"இப்ப?"

"அப்பா, எனக்குக் களைக்குது."

"ஒருக்கா மட்டும். இப்ப என்ன?"

பிள்ளை நெற்றியை யன்னல் கம்பியில் சாய்த்தாள். "யானை" என்றாள்.

பகிடிக்குச் சொல்கிறாளா? ஒன்றும் தெரியாமல் ஏதோ ஒன்றைச் சொல்லி வைக்கிறாளா? உண்மையிலேயே யானைதானா? அந்தக் காட்டு ரோட்டில் யானை நிற்பதும் உண்டு. அவன் ஜெனிஸ்ராவின் பக்கம் திரும்பினான்.

"நின்டதா?"

"நின்டது" என்றாள் ஜெனிஸ்ரா. "பிள்ளையை விடுங்கோ. நித்திரை கொள்ளட்டும்."

அவள் அந்தப் பக்கம் பார்த்தாளா என்று அவன் கேட்கவில்லை. பஸ் போய்க்கொண்டிருந்தது.